பெட்டி ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை எடை மேடைக்கு போங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

வண்டிக்குள்ளயே படுத்து சமைச்சுக்கிட்டு ஊர் சுத்தற கேரவன் சுற்றுலா பத்தி போன வாரம் உங்க பேப்பர்ல வந்ததை வீட்ல எல்லாரும் படிச்சோம். கேரளாவுல 2021லயே அதுக்குன்னு தனி திட்டம் கொண்டு வந்தாங்க, நம்ம பக்கமும் இப்ப ஜனங்களுக்கு அந்த ஆசை வந்துருச்சு. பஸ் சைஸ்ல ஒரு வண்டி வாங்க நம்மள மாதிரி ஆளுங்களால முடியாது, ஆனா வீட்ல ஏற்கனவே பிக்கப் நிக்குது, அதுக்கு பின்னாடி ஒரு பெட்டி செஞ்சு ஏத்திக்கிட்டா படுக்க சமைக்க ஆச்சு, வேணாம்னா இறக்கி வெச்சுட்டு வழக்கம்போல லோடு அடிக்கலாம்னு நினைக்கறவங்க கிருஷ்ணகிரி தருமபுரி பக்கம் இப்ப நிறைய பேர். கேம்பர்னு சொன்னா நம்ம ஊர்ல பொலிரோ கேம்பர்ங்கற பிக்கப் வண்டிதான் ஞாபகம் வரும், நான் சொல்றது அது இல்லீங்க, பிக்கப் பின்னாடி லோடு ஏத்தற டிரேக்குள்ள தூக்கி வெச்சு கட்டற தங்கும் பெட்டி. இந்த ரெண்டு மாசத்துல மட்டும் மூணு பேர் என் வீட்டுக்கு வந்து பெட்டியை அளவெடுத்துட்டு போயிட்டாங்க. அளவெடுத்தாங்களே தவிர எடை எவ்வளவுன்னு ஒருத்தர் கூட கேக்கல. அதான் மனசு கேக்காம இந்த லெட்டர் எழுதறேன், கொஞ்சம் நீளமா போனாலும் தயவுசெஞ்சு போடுங்க.

நான் சந்தூர்ல மாங்காய் ஒட்டுச்செடி வியாபாரம் பண்றேன். மழை ஆரம்பிச்சா செடி ஏத்திக்கிட்டு தேனி, சித்தூர், கோலார்னு ஓடணும், ராத்திரி வண்டியிலயே படுத்து எந்திரிச்சு பழக்கம். எங்கம்மாவுக்கு முட்டி வலி, லாட்ஜ் படியேற முடியாது, கண்ட இடத்துல பாத்ரூம் போக முடியாது, அதனாலயே அவங்க எங்கயும் வரமாட்டேன்னுட்டாங்க. அவங்களுக்காகத்தான் இந்த பெட்டி யோசனையே வந்துச்சு. என்கிட்ட இருக்கறது டபுள் கேபின் பிக்கப், டிரே நீளம் அஞ்சடிக்கு கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

மொதல் பெட்டியை தெரிஞ்ச பட்டறையில கொடுத்து கட்டினோம். லாரி பாடி கட்டி பழகின கை, வேலை சுத்தமா இருந்துச்சு, அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா லாரிக்கு கட்டற மாதிரியே இதுக்கும் கட்டிட்டாங்க. இரும்பு ஸ்கொயர் பைப்புல ஃபிரேம், வெளியில ஜிஐ ஷீட், உள்ள கீழ மேல எல்லாம் 18 எம்எம் பிளைவுட். கட்டில் நீளம் வேணும்னு டிரேவை தாண்டி பின்னாடி ரெண்டடி தள்ளி வெச்சாச்சு. தண்ணி டேங்க் 100 லிட்டர், வீட்ல சும்மா கிடந்த இன்வெர்ட்டர் டியூபுலர் பேட்டரி, 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் எல்லாத்தையும் கதவு பக்கமா கடைசியில வெச்சோம், எடுக்க வைக்க சுலபமா இருக்கும்னு. அங்கதாங்க தப்பே ஆரம்பிச்சுது.

மொத டிரிப் ஒகேனக்கல். காவேரிப்பட்டணம் தாண்டி பைபாஸ் ஏறினதுமே ஸ்டியரிங் ரொம்ப லேசா ஆன மாதிரி இருந்துச்சு, நான் வண்டி புதுசா லோடு ஏத்தினதால அப்படி இருக்கும்னு விட்டுட்டேன். இருட்டினதும் எதிர்ல வர்றவங்க எல்லாம் டிம் அடி டிம் அடின்னு லைட்டை போட்டு போட்டு காட்டறாங்க, நான் டிம்லதான் போறேன். பென்னாகரம் தாண்டி இறக்கத்துல ஒரு வளைவுல பிரேக் அழுத்தறேன், ஸ்டியரிங் திருப்பறேன், வண்டி திரும்பாம நேரா ஒரு ஆள் தூரம் வழுக்கிட்டு போச்சு. பின் சீட்டுல எங்கம்மா பையனோட கையை புடிச்சுக்கிட்டு ஒரு வார்த்தை பேசாம உக்காந்திருந்தாங்க. நல்லவேளை எதிர்ல யாரும் வரல. அன்னைக்கு ராத்திரி பெட்டிக்குள்ள படுத்தேனே தவிர தூக்கம் வரல.

திரும்பி வந்த மறுநாள் காலையிலயே மாங்காய் லோடு எடை போடற எடை மேடைக்கு நேரா விட்டேன். மொத்த வண்டியையும் ஏத்தி ஒரு தடவை, அப்புறம் முன் சக்கரம் மட்டும் மேடை மேல, பின் சக்கரம் மட்டும் மேடை மேல, இப்படி மூணு சீட்டு வாங்கினேன். பெட்டியை இறக்கிட்டு காலி வண்டிக்கும் அதே மாதிரி மூணு சீட்டு. அந்த ஆறு சீட்டும் இப்பவும் என்கிட்ட இருக்கு, வர்றவங்ககிட்ட மொதல்ல அதைத்தான் காட்டறேன்.

கணக்கை சொல்றேன் பாருங்க. என் ஆர்சி புக்குல மொத்த எடையில இருந்து காலி எடையை கழிச்சா 850 கிலோ வருது. இதுதான் வண்டி சுமக்கலாம்னு கம்பெனிக்காரன் சொன்னது. இந்த 850க்குள்ளயே நம்ம ஆளுங்களும் அடக்கம், இதை நிறைய பேர் மறந்துடறாங்க. நான், வீட்டுக்காரம்மா, அம்மா, பையன் நாலு பேரும் சேர்ந்து 231 கிலோ. மிச்சம் 619. வெறும் பெட்டி மட்டும் 520 கிலோ இருந்துச்சு. தண்ணி லிட்டருக்கு ஒரு கிலோ, அதுல 100. பேட்டரி 55, சிலிண்டர் நிறைஞ்சது 30, மெத்தை அடுப்பு பாத்திரம் துணிமணி 90. ஆக 795. ஆளோட சேர்த்தா 1,026 கிலோ. 176 கிலோ அதிகமா ஏத்திக்கிட்டு, குடும்பத்தையும் உக்கார வெச்சு நான் மலை இறங்கியிருக்கேன்.

அதைவிட எனக்கு அதிர்ச்சியா இருந்தது முன் சக்கர சீட்டு. காலியா இருந்தப்ப காட்டினதைவிட பெட்டி ஏத்தின பின்னாடி முன்பக்கம் 120 கிலோ குறைஞ்சிருந்துச்சு. ஏத்தினா எடை கூடத்தானே செய்யணும், எப்படி குறையும்னு எடை மேடைக்காரர்கிட்ட நானே சண்டைக்கு நின்னேன். அப்புறம் உக்காந்து யோசிச்சா புரிஞ்சுது, பழைய காலத்துல கிணத்துல தண்ணி இறைச்ச ஏத்தம் மாதிரிதாங்க இது. பின் ஆக்சில், அதாவது ரெண்டு பின் சக்கரத்தையும் சேர்க்கற தண்டுதான் நடு மரம். அதுக்கு பின்னாடி கனம் விழுந்தா முன்பக்கம் தூக்கும். என் வண்டியில முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல சுமாரா மூணு மீட்டர், பெட்டியோட மொத்த கனமும் பின் ஆக்சிலுக்கு 45 சென்டிமீட்டர் பின்னாடி நின்னுச்சு, 795 கிலோவை 45ஆல பெருக்கி 300ஆல வகுத்தா 119 வருது. முன்னாடி போன அந்த 120 கிலோ சும்மா காணாம போகல, அதுவும் சேர்ந்து பின் ஆக்சில் மேல ஏறிக்கிச்சு, அதாவது ஏத்தினது 795, பின்னாடி விழுந்தது 915. ஸ்டியரிங் லேசானது, லைட் மேல பாத்தது, வளைவுல வழுக்கினது எல்லாத்துக்கும் இந்த ஒரு சீட்டுதான் பதில்.

டயரையும் அப்பதான் உக்காந்து படிச்சேன். டயர் ஓரத்துல சைஸுக்கு அப்புறம் ஒரு நம்பரும் ஒரு எழுத்தும் இருக்கும், அந்த நம்பர் அந்த டயர் எவ்வளவு தாங்கும்னு சொல்றது. 104னா 900 கிலோ, 108னா 1,000, 112னா 1,120 கிலோ. என் வண்டியில கிடந்தது 104. ரெண்டு டயருக்கு 1,800. காலி வண்டியிலயே பின்னாடி 810 இருந்துச்சு, அதோட 915 சேர்ந்து 1,725, பின் சீட்டுல உக்காந்த ரெண்டு பேரோட பாதிக்கு மேல கனமும் அங்கதான், ஆக ஓரத்துல நின்னுட்டு இருந்திருக்கேன், அதுவும் சித்திரை வெயில்ல. இப்ப 112 போட்டிருக்கேன். ஆனா ஒன்னு, கனமான டயர் போட்டுட்டதால வண்டியோட மொத்த எடை அளவு ஏறிடாது, ஆர்சியில இருக்கறது இருக்கறதுதான். ஸ்பிரிங்குக்கும் இதே பேச்சுதான்.

ஸ்பிரிங் பத்தி கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா பின்னாடி உக்காந்துருச்சுன்னா நம்ம ஆளுங்க மொதல்ல பண்றது எக்ஸ்ட்ரா பிளேட் சொருகறது. எனக்கும் ரெண்டு பேர் அதையே சொன்னாங்க, ஒருத்தர் ஸ்பிரிங்குக்கு முட்டா வைக்கற காத்து பையை ஆன்லைன்ல வாங்கி போட சொன்னாரு. வண்டி தூக்கி நிக்கும், பாக்க நேரா இருக்கும், சரி. ஆனா முன் சக்கரத்துல போன 120 கிலோ அதால திரும்பி வந்துடுமா? வராது. காத்து பை சேசிஸ்ல, அதாவது வண்டியோட அடிச்சட்டத்துல, ஒரே எடத்துல முட்டுக் கொடுக்கும், கனம் பின்னாடி தொங்குனா அந்த எடத்துல சேசிஸ் வளைஞ்சே போகும், ஆஸ்திரேலியாவுல டபுள் கேபின் வண்டிகள்ல இப்படி வளைஞ்சது நிறைய. இன்னொரு விஷயம், பல பிக்கப்புல பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவுல சின்னதா ஒரு கம்பி லிவர் போகும், லோடு ஏறி பின்பக்கம் இறங்குனா பின் பிரேக்குக்கு பிரஷரை கூட விடறது அதோட வேலை. நீங்க பிளேட் போட்டு தூக்கிட்டா அது வண்டி காலியா இருக்குன்னு நினைச்சு பின் பிரேக்கை குறைச்சுடும், லோடு என்னவோ முழுசா இருக்கும். ஸ்பிரிங் வேலை பண்ணுனா அந்த லிவரையும் செட் பண்ண சொல்லி கேளுங்க, இல்லைன்னா பண்ணாதீங்க. நான் பண்ணுனது தளர்ந்து போன பிளேட்டை மட்டும் மாத்தி, யூ போல்ட்டு புதுசா போட்டு, நாலு ஷாக்கும் மாத்தி, பிரேக் ஆயிலை புதுசா ஊத்துனேன். பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும், பழசான ஆயில் சூட்டுல கொதிச்சு பெடல் உள்ள போயிடும்.

மொதல் பெட்டியை அப்படியே பிரிச்சோம். மனசுக்கு கஷ்டமாத்தான் இருந்துச்சு, பணமும் போச்சு. ரெண்டாவது பெட்டிக்கு ஒவ்வொரு சாமானையும் தராசுல வெச்சுதான் உள்ள விட்டேன். எட்டுக்கு நாலு ஷீட் ஒன்னு ஒரு எம்எம் இரும்புன்னா 23 கிலோ, அதே அலுமினியம்னா 8 கிலோ. 18 எம்எம் பிளைவுட் ஒரு ஷீட்டே 30 கிலோவுக்கு மேல, அதை தரைக்கு மட்டும் 12 எம்எம்மா போட்டுட்டு சுவருக்கு அலுமினிய ஃபிரேம்ல தெர்மாகோல் வெச்சு ரெண்டு பக்கமும் ஷீட் ஒட்டினோம், வெயிலும் உள்ள இறங்கல. மேல் பாதி தார்பாய், நின்ன எடத்துல தூக்கி விட்டுக்கலாம், ஓட்டறப்ப மடிச்சு கேபின் உயரத்துக்கு ஒரு ஜாண் மேலதான் நிக்கும். டியூபுலர் பேட்டரிக்கு பதிலா லித்தியம் 100 ஏஎச், 13 கிலோதான். தண்ணி 60 லிட்டர் போதும், டேங்க் கேபினை ஒட்டி முன் சுவர்ல, பேட்டரியும் 5 கிலோ சிலிண்டரும் அதே பக்கம். பின்னாடி டிரேவை தாண்டி அரை அடி கூட போகல. கட்டில் நீளத்துக்கு பெட்டியோட மூக்கு கேபின் மேல போகுது, எங்கம்மா மட்டும் கீழ படுப்பாங்க. பெட்டி 290 கிலோ, சாமான் எல்லாம் சேர்த்து 446, நாங்க நாலு பேரும் ஏறினா 677. இன்னும் 173 கிலோ மிச்சம் இருக்கு, அதை நான் தொடறதே இல்லை.

கனம் எங்க நிக்குதுன்னு கண்டுபுடிக்க ஒரு வழி சொல்றேன், பட்டறையிலயே பண்ணலாம். சாமான் தண்ணி எல்லாம் வெச்ச பெட்டியை ரெண்டு இஞ்ச் இரும்பு பைப்பு மேல குறுக்கால வெச்சு, ரெண்டு பக்கமும் ஆள் புடிச்சுக்கிட்டு முன்ன பின்ன தள்ளி பாக்கணும், எந்த எடத்துல சாயாம நிக்குதோ அங்க பெட்டியோட பக்கவாட்டுல பெயின்ட்ல ஒரு கோடு. வண்டியில ஏத்தின அப்புறம் அந்த கோடு பின் சக்கரத்தோட நடு போல்ட்டுக்கு நேராவோ அதுக்கு முன்னாடியோ இருக்கணும், பின்னாடி போகவே கூடாது. அமெரிக்காவுல கம்பெனி பெட்டியில இந்த எடத்தை கம்பெனியே குறிச்சு கொடுக்கறான். என் ரெண்டாவது பெட்டியில கோடு ஒரு ஆறேழு சென்டிமீட்டர் முன்னாடி நிக்குது, எடை மேடையில முன் சக்கரம் 10 கிலோ கூட காட்டுச்சு. அந்த சீட்டை பாத்தப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சுங்க.

கட்டறது பத்தி ஒரு வார்த்தை. டிரே ஓரத்துல இருக்கற கொக்கி எல்லாம் தகரத்துல இருக்கறது, தார்பாய் கயிறு கட்டத்தான் ஆகும். பெட்டியை சேசிஸோட கட்டணும், நாலு மூலைக்கும் சேசிஸ்ல இருந்து பிராக்கெட் எடுத்து டர்ன்பக்கிள் (நடுவுல முறுக்கினா ரெண்டு பக்கமும் இழுத்து இறுக்கற கொக்கி) போட்டு முறுக்கணும், முன்னாடி இழுக்கறது முன்னாடியும் பின்னாடி இழுக்கறது பின்னாடியும் சாய்வா இருக்கணும். பிராக்கெட்டுக்கு சேசிஸ்ல வெல்டிங் வைக்கவோ புதுசா ஓட்டை போடவோ விடாதீங்க, இருக்கற ஓட்டையில போல்ட்டு போட சொல்லுங்க. அடியில கெட்டி ரப்பர் மேட் போட்டா பெட்டி நகராது. கிளம்புன 20 கிலோமீட்டர்ல நிறுத்தி ஒரு தடவை முறுக்கி பாக்கணும், கண்டிப்பா தளர்ந்திருக்கும். ஹெட்லைட்டை பெட்டியோட வெச்சே செவுத்துல அடிச்சு இறக்கி செட் பண்ணுங்க. பெட்டிக்கு போற வயர்ல பேட்டரி பக்கத்துலயே ஃபியூஸ் இருக்கணும், இல்லைன்னா வழியில எங்கயாவது உரசுனா நெருப்புதான். கேஸ் காத்தைவிட கனம், கசிஞ்சா தரையிலதான் தேங்கும், அதனால சிலிண்டர் பெட்டிக்கு கீழ்மட்டத்துல வெளிய போற மாதிரி ஓட்டை விடணும், மேல ஜன்னல் இருக்கேன்னு இருந்துடாதீங்க. அடுப்பு எரியவிட்டு தூங்கவே கூடாது. வண்டி ஓடறப்ப பெட்டிக்குள்ள ஒரு ஆளும் உக்காரக் கூடாது, பசங்க கெஞ்சுனாலும் சரி.

இறக்கி வைக்கறதுக்கு லேத்துல நாலு ஸ்குரூ ஜாக்கி கால் செஞ்சேன். மழை பெஞ்ச ஈர மண்ணுல ஒரு கால் மட்டும் நாலு விரல் அளவு இறங்கி பெட்டி ஒரு பக்கம் சாஞ்சுருச்சு, என் மச்சான் கை நசுங்க இருந்துச்சு. அதுல இருந்து ஒவ்வொரு காலுக்கும் கீழ பலகை, மூலைக்கு ஒரு ஆள், ஒருத்தர் குரல் கொடுக்க நாலு பேரும் ஒரே நேரத்துல ரெண்டு சுத்து, அப்படித்தான் இறக்கறோம்.

தொப்பூர் கணவாய் பத்தி உங்க பேப்பர்லயே எத்தனை தடவை போட்டிருப்பீங்க. தருமபுரியில இருந்து சேலம் போறப்ப அது நீளமான இறக்கம், பிரேக் புடிக்காம எத்தனை லாரி அங்க போயிருக்கு. பெட்டி ஏத்தின பிக்கப்பும் அங்க லாரி மாதிரிதான் இறங்கணும், மேலயே மூணாவது கியருக்கு வந்துடணும், தேவைப்பட்டா ரெண்டாவது, பிரேக்கை விட்டு விட்டு அழுத்தணும், நியூட்ரல்ல விடற பழக்கம் இருந்தா அதை வீட்லயே விட்டுட்டு வாங்க. வத்தல்மலை, அஞ்செட்டி ரோடெல்லாம் நான் பெட்டியோட இன்னும் போகல, வளைவும் குறுகல், புளியமரக் கிளையும் தாழ்வு.

கடைசியா அதிகாரிங்களுக்கு ஒரு வேண்டுகோள், இதை உங்க மூலமாத்தான் கேக்க முடியும். மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு, ஆர்சியில இருக்கற விவரம் மாறற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 194வது பிரிவுல 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய், அதுக்கு மேல ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, லோடு வெளிய நீட்டிக்கிட்டு இருந்தாலும் 20,000. சரி, நியாயம்தான், உசுரு விஷயம். ஆனா நாலு டர்ன்பக்கிளை கழட்டுனா இறங்கிடற பெட்டியை லோடுன்னு பாக்கறதா, வண்டியில பண்ணுன மாற்றம்னு பாக்கறதா? நான் ரெண்டு எடத்துல கேட்டேன், ஒரு எடத்துல அது சாமான்தானே ஒன்னும் வேணாம்னாங்க, இன்னொரு எடத்துல அனுமதி இல்லாம ரோட்டுல எடுக்காதீங்கன்னாங்க. ரெண்டு பேருமே மரியாதையாத்தான் பேசினாங்க, ஆனா எழுத்துல கேட்டா யாரும் கொடுக்கல. இன்சூரன்ஸ்லயும் அதே கதை, நான் ரெஜிஸ்டர் தபால் போட்டு காத்துக்கிட்டு இருக்கேன். கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரி மூணு ஆர்டிஓ ஆபீஸ்லயும் நோட்டீஸ் போர்டுல ஒரு பக்கம் ஒட்டினா போதும், கழட்டி மாட்டற பெட்டிக்கு என்ன விதி, எவ்வளவு உயரம், எவ்வளவு நீளம் வெளிய போகலாம், எந்த பேப்பர் கையில இருக்கணும்னு. மஞ்சள் போர்டுக்கு ஒரு மாதிரி, வெள்ளை போர்டுக்கு ஒரு மாதிரின்னா அதையும் எழுதிடுங்க. பட்டறைக்காரங்களுக்கும் அது உதவும், அவங்களும் பாவம் கேக்கறவங்க சொல்றதைத்தான் கட்டறாங்க.

மூணு பேர் அளவெடுத்துட்டு போனாங்கன்னு சொன்னேனே, அதுல ஒருத்தர் பர்கூர் பக்கம், இந்நேரம் பைப் வாங்கியிருப்பாரு. அவர் போன் நம்பரை நான் வாங்கி வைக்கல. உங்க பேப்பர்தான் படிப்பேன்னு சொன்னாரு. இரும்பு வெட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை வீட்டுக்கு வாங்கண்ணா, ஆறு சீட்டையும் எடுத்து வெச்சிருக்கேன்.

இப்படிக்கு,
ஒட்டுச்செடி வியாபாரி,
சந்தூர், போச்சம்பள்ளி தாலுகா, கிருஷ்ணகிரி மாவட்டம்.